பச்சை உடம்புக்காரியின் தலைவலி

கல்வராயன் மலையில் குளிர் என்று சொன்னால் கள்ளக்குறிச்சியில் சிரிப்பார்கள். "அது என்ன, ஊட்டியா?" என்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவள்தான். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைக் கடந்து, பேருந்து வளைந்து வளைந்து கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும்போது காது அடைக்கும். மார்கழியில் அதோடு மூக்கும் அடைக்கும். கிராம சுகாதார செவிலியராக மலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியில், இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேலே, சுற்றிலும் காடு, சிமெண்டுத் தரை. விடியற்காலையில் அந்தத் தரையில் கால் வைக்கவே பயமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஹீட்டர் என்றால் குளிக்க வெந்நீர் போடும் கருவி. வீட்டையே சூடாக்குவதற்கென்று யாரும் எதையும் வாங்குவதில்லை. அதற்காக மலையில் அத்தனை தலைமுறையும் விறைத்துக்கொண்டா கிடந்தது? வீட்டைச் சூடாக்க ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெயர் அடுப்பு. அதைக் கட்டியவர்களும், மெழுகியவர்களும், விரிசல் விட்டால் பூசியவர்களும் பெண்கள். அதனால் அதை யாரும் ஒரு தொழில்நுட்பமாக எண்ணியதில்லை. வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விட்டது.

மலையில் வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்கிறோம். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்றுதான் பொருள். அவர்களுடைய பழைய வீடு மண்சுவரும் புல் வேய்ந்த கூரையுமாக இருக்கும். இப்போதும் சில ஊர்களில் அப்படி ஒன்றிரண்டு நிற்கின்றன. அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதற்கு மேலே பரண். பரணில் சாமை, கேழ்வரகு விதை, சோளக் கதிர். அடுப்புப் புகை பரணைத் தொட்டுக் கூரைப் புல்லின் இடுக்கு வழியாக வெளியே போகும். போகிற வழியில் விதையில் பூச்சி விழாமலும் புல் சீக்கிரம் மக்காமலும் காக்கும். ராத்திரி தணலைச் சாம்பல் போட்டு மூடிவிட்டால் விடியும்வரை கதகதப்பு இருக்கும். சமையல், கணப்பு, விதைக் காப்பு, கொசு விரட்டு, ஈரத் துணிக்குக் கொடி என்று ஐந்து வேலை செய்தது அந்த ஒரே அடுப்பு.

இதைச் சொல்லிப் பழைய அடுப்புக்குக் கோயில் கட்டப் போவதில்லை. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவள் நான். வீட்டுக்குள் எரியும் விறகாலும் கரியாலும் சாணத்தாலும் வரும் காற்று மாசினால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எரிவாயு வந்தது நல்லது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பை வீட்டுப் பெண்ணின் பெயரில் கொடுத்தார்கள், அதுவும் நல்லது. ஆனால் கேஸ் அடுப்பு சோற்றைத்தான் வேகவைக்கும். ஐந்து வேலையில் ஒன்றை அது எடுத்துக்கொண்டது. குளிருக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்கவில்லை.

வீடும் மாறியது. புல் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. ஒழுகாது, பாம்பு வராது, தீப்பிடிக்காது. அந்த வீட்டுக்காக அலைந்து திரிந்து மனுப் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். இன்று பிரதம மந்திரி வீட்டுத் திட்ட விதியில் குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்பும், அதற்குள் சமைக்க ஓர் இடமும் இருக்க வேண்டும். சமைக்கும் இடம் தாளில் இருக்கிறது. புகை போகும் வழியும் ராத்திரிக் குளிருக்கான வழியும் அதில் எழுதப்படவில்லை. அதனால் மலையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே காட்சிதான்: முன்னால் சுண்ணாம்பு அடித்த கான்கிரீட் வீடு, பின்னால் ஓலையோ தகரமோ போட்ட சாய்ப்பு. சாய்ப்பில் விறகடுப்பு, வீட்டுக்குள் கேஸ் அடுப்பு. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை சாய்ப்புதான் சமையலறை.

இப்படி ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை.

அவளுக்கு முதல் பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த சில நாளில் பார்க்கப் போனேன். வெயில் ஏறிய நேரம், கதவு திறந்து கிடந்தது.

"காலையில எந்திரிச்சா தலை இடிக்குது சிஸ்டர். வாந்தி வர்ற மாதிரி இருக்குது. வாசல்ல வந்து கொஞ்ச நேரம் குந்தினா சரியாப் போவுது" என்றாள்.

மாமியார் உள்ளே இருந்தே சொன்னார்: "பச்சை உடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும். நாங்க பெக்காத பிள்ளையா?"

புருஷன்காரன், "ராவெல்லாம் போனைப் பாக்குறா சிஸ்டர், அதான்" என்றான்.

நான் ரத்த அழுத்தம் பார்த்தேன். பிரசவத்துக்குப் பிறகும் அழுத்தம் ஏறித் தலைவலி வரும் என்பதால் அதுதான் என் முதல் பயம். சரியாக இருந்தது. கண் இமையை விலக்கி ரத்தசோகை பார்த்தேன். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன். 98 காட்டியது. சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, தலைவலிக்கு இந்த மாத்திரை என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'நார்மல்' என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோதும் அதே பேச்சு. கூடவே, "பாப்பாவும் காலையில மந்தமா இருக்குது, அப்புறமா நல்லாப் பால் குடிக்குது" என்றாள். குழந்தையை எடை போட்டேன். ஏறியிருந்தது. எதிரில் வைத்துப் பால் கொடுக்கச் சொன்னேன். நன்றாகக் குடித்தது. மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'முதல் பிள்ளைக்காரி, எல்லாத்துக்கும் பயப்படுவா' என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். நானும் திருப்பிச் சிரித்தேன்.

அதற்கடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் ஒரு பையன் ஓடி வந்து என் கதவைத் தட்டினான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசலில் சாக்கின்மேல் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆயா குழந்தையை முந்தானையில் சுற்றித் திறந்த வெளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டு நான் அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை.

ஆயா நெருப்பு வாங்க வந்திருக்கிறார். தீப்பெட்டி நமத்துப் போனால் பக்கத்து வீட்டில் தணல் வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். கதவைத் தட்டினால் பதில் இல்லை. தள்ளித் திறந்தால் உள்ளே புழுக்கம். ஜன்னல் இடுக்கெல்லாம் சாக்கு அடைத்திருக்கிறது. மூலையில் இரும்புச் சட்டி நிறையத் தணல். தாயும் பிள்ளையும் குளிரக் கூடாதென்று மாமியார் ராத்திரி வைத்துவிட்டுச் சாய்ப்பில் போய்ப் படுத்திருக்கிறார். சட்டிக்குப் பக்கத்தில் கூடையில் கவிழ்த்திருந்த கோழிக்குஞ்சுகளில் இரண்டு செத்துக் கிடந்தன. ஆயா குழந்தையை ஒரு கையிலும் தாயின் தோளை ஒரு கையிலுமாக இழுத்து வெளியே போட்டுவிட்டு, சட்டியைத் தூக்கி வாசலில் எறிந்திருக்கிறார்.

நான் அனிச்சையாக ஆக்ஸிமீட்டரை எடுத்து அவள் விரலில் மாட்டினேன். அப்போதும் 98.

108இல் ஏற்றினோம். ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். மருத்துவர்தான் அந்த 98ஐ எனக்கு விளக்கினார். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆக்ஸிமீட்டர் ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடும் கருவி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் நஞ்சு ஏறிய ரத்தமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே சிவப்பு. ஆள் மயங்கிக் கிடந்தாலும் அது நல்ல எண்ணைத்தான் காட்டும்.

கருவியை நொந்து பயனில்லை, அதன் வேலை அவ்வளவுதான். நான் எதைக் கேட்காமல் விட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். காலையில் வலிக்கிறது. வெளியே வந்தால் சரியாகிறது. குழந்தைக்கும் காலையில்தான் மந்தம். ஒரே அறையில் படுக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் விலகுகிற தலைவலி, அந்த அறையில் எரிகிற ஏதோ ஒன்று சரியில்லை என்பதற்கான அடையாளம். மெக்கானிக் ஒருவரிடம், 'வண்டி காலையில் மட்டும் மக்கர் பண்ணுது, வெயில் ஏறினால் ஓடுது' என்று சொன்னால் அவர் வண்டியைப் பார்ப்பார். அவள் சொன்னபோது மாமியாரும் புருஷனும் நானுமாக மூன்று பேரும் அவளைத்தான் பார்த்தோம். பச்சை உடம்பு, போன் பைத்தியம், பயந்தவள் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தோம். ராத்திரி இந்த அறையில் என்ன எரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாமியாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தன் மாமியாரிடம் கற்றதைச் செய்தார். புல் கூரை வீட்டில் அதே சட்டி, அதே தணல், அதே பச்சை உடம்புக்காரி. அந்தக் கூரை ஆயிரம் இடுக்கால் மூச்சு விட்டது. கான்கிரீட் கூரை விடாது. விறகு புகைந்தால் கண் எரிந்து வெளியே ஓடியிருப்பார்கள். புகையாத தணலை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதுதான் அதன் ஆபத்து. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றி நாளிதழில் படித்திருக்கிறோம். மலையில் ஒரு வீட்டு மூலையில் அது நடந்தால் 'காத்து கருப்பு அடிச்சிருச்சு' என்று போயிருக்கும்.

அந்த வாரம் கள்ளக்குறிச்சிக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வீட்டுக் குழாய் ஞாபகம் இருக்குதா?" என்றார்.

இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் புகையில்லா அடுப்பு போட்டார்கள். மண் அடுப்பிலிருந்து ஒரு குழாய் கிளம்பிக் கூரைக்கு மேலே போகும். முதல் மழையில் குழாய் நுழைந்த ஓட்டைச் சுற்றி ஒழுகியது. அப்பா குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசினார். ஒழுகல் நின்றது, புகை அம்மாவுக்குத் திரும்பி வந்தது. ஒழுகல் எல்லோர் தலையிலும் விழுந்தது, அதனால் அது பழுது. புகை ஒருத்தி கண்ணில் மட்டும் விழுந்தது, அதனால் அது பழுதில்லை. 1983இல் தொடங்கி 2002 வரை ஓடிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் போடப்பட்டன. பல இடங்களில் குழாயில் கரி அடைத்தும், மண் வெடித்தும், பழுது பார்க்க ஆளில்லாமலும் அவை கைவிடப்பட்டன. எங்கள் குழாயின் கதை இன்னும் பல வீடுகளில் வேறு விதமாக நடந்திருக்கும்.

அம்மாவுக்கு இருமல் வந்து வருஷக்கணக்காகிறது. நெஞ்சைச் சோதித்த மருத்துவர், "வீட்டில் யாராவது புகை பிடிப்பாங்களா?" என்று கேட்டபோது அம்மா சொன்ன பதிலை நாங்கள் இன்றும் சொல்லிச் சிரிப்போம்: "எங்க வீட்டு அடுப்பு பிடிக்கும் டாக்டர்." சிரிக்கிறோம், ஆனால் மாடிப்படி ஏறும்போது அம்மா நடுவில் நின்றுவிடுகிறார்.

இத்தனைக்கும் அம்மாவைப் போல நெருப்பைத் தெரிந்த ஆள் எங்கள் தெருவில் இல்லை. கள்ளக்குறிச்சியில் மர அறுவை மில்லுக்கும் அரிசி மில்லுக்கும் பஞ்சமில்லை. மரத்தூள் மூட்டை மலிவாகக் கிடைக்கும். தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இடித்து இறுக்கி, பாட்டிலைத் திருகி உருவினால் நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு துவாரம் நிற்கும். இறுக்கம் குறைந்தால் பாதியில் சரிந்து புகையும். கூடினால் பிடிக்காது. தூள் ஈரமா காய்ந்ததா என்று உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தே அம்மா சொல்வார். மரவள்ளிக் குச்சி பற்றவைக்க நல்லது, நின்று எரியாது. புளிய விறகு நின்று எரியும், சீக்கிரம் பிடிக்காது. இதெல்லாம் அம்மா சொல்லித் தந்தது.

வெந்நீருக்குச் செம்பு பாய்லர். நடுவில் குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் சல்லடைத் தட்டு. மேலிருந்து கரியும் சுள்ளியும் போட வேண்டும். ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் வெந்நீர் வழியும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாய்லர் கொதிக்கும்போது கடமுடவென்று சத்தம் மாறினால், "உள்ள உப்பு படிஞ்சிருச்சு" என்பார் அம்மா. புளித்தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கழுவுவார். தண்ணீர் ஊற்றாமல் நெருப்புப் போட்டால் பற்றுவைத்த இடம் உருகிவிடும் என்று பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். சாம்பல் தட்டு அடைத்தால் தீ மூச்சு முட்டும் என்று தினமும் தட்டுவார். சத்தத்தில் பழுது அறிந்து, காரணம் கண்டு, சரிசெய்து, அடுத்த முறை வராமல் பார்த்துக்கொள்கிறவரை நாம் டெக்னீஷியன் என்போம். அம்மாவை 'வீட்டுல சும்மா இருக்காங்க' என்றார்கள்.

பிறகு பாய்லர் பரணுக்குப் போய்ச் சுவரில் கீசர் வந்தது. அம்மா நெருப்பிலிருந்து தப்பித்தார், கூடவே நெருப்பைப் பற்றிய அறிவும் கையைவிட்டுப் போனது. மின்சாரம் ஆண்களின் சாமான். 'அதுல கை வைக்காத' என்பதுதான் பெண்களுக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. என் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அதே கதை. குளியலறைக் குழாயைத் தொட்டால் கையில் லேசாக சுர்ரென்றது. "ஏங்க, கீசர்ல கரண்ட் வருதுங்க" என்றேன். அவர் காலில் செருப்போடு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே. உனக்குத்தான் எல்லாமே சுர்ருங்குது" என்றார். அவர் செருப்போடு தொட்டார், நான் ஈரக்காலோடு தொட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான். என் தலைவலியை நானே நம்பாத பெண்ணைப் போல, ஒரு மாதம் நானும் எனக்குத்தான் பிரமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிளக்கில் எர்த் கம்பியை மாட்டவே இல்லை. உள்ளே சூடேற்றும் கம்பிச் சுருள் உப்புப் படிந்து வெடித்திருந்தது. அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. அவர் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து அவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டேன். கற்றது பெரிய படிப்பு ஒன்றுமில்லை, ஆனால் எந்தப் பெண்ணும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை என்பதால் எழுதுகிறேன். கீசரிலோ குழாயிலோ லேசாக அதிர்ந்தாலும் முதலில் சுவிட்சை அணை, பிறகு பேசு. மெயின் போர்டில் மின்கசிவு தடுப்பான் இருக்கிறதா என்று பார். குளியலறைக்கு 30 மில்லி ஆம்பியரில் அறுந்துகொள்ளும் வகை வேண்டும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரப் பொருள். தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி என்றால், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரல் வைக்காதே. கேஸ் அடுப்புத் தீ நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திச் சுத்தம் செய். குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார், தீக்குச்சி கிழித்துப் பார்க்காதே. எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாசனை வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு, வெளியே வந்து 1906க்குப் பேசு. மின் இணைப்பைப் பிரிப்பதும் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்ப்பதும் தெரிந்த ஆளின் வேலை. ஆனால் என்ன பழுது, எதைச் செய்தார் என்று அவர் உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேள்.

மலைக்குத் திரும்பியதும் ஆயாவைப் பார்க்கப் போனேன். "தணல்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க ஆயா?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்க என்னா இருக்குது நர்சம்மா? குஞ்சு செத்துக் கெடந்துச்சு. தணலு உள்ள இருந்தா வீடு வாயத் தொறந்துகிட்டு இருக்கணும். இந்த வீட்டுக்கு வாயே வைக்கலியே!"

அந்த வீட்டில் ஆயா செய்த பழுதுபார்ப்பை நான் உடனிருந்து பார்த்தேன். முதலில் தணல் சட்டி வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றார். மாமியார் முகம் சுருங்கியது. "அப்ப பிள்ளைக்குக் குளிருமே" என்றார். அது நியாயமான கேள்வி. வேண்டாம் என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும், அவர்களுக்குக் குளிர் முடிந்துவிடாது.

ஆயா சாய்ப்பில் இருந்த அடுப்பை இடிக்கச் சொன்னார். தள்ளிக் கிடந்த அடுப்பை வீட்டின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டுவது அவர் யோசனை. சாய்ப்பில் சமைக்கும்போது செங்கல் சுவர் சூடேறும், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தாயும் பிள்ளையும் படுக்கலாம். புகையும் தணலும் வெளியே, சூடு மட்டும் உள்ளே. புற்றுமண்ணை நொறுக்கி, உமியும் சாணமும் சாம்பலும் சேர்த்து மிதித்து, ஒரு ராத்திரி புளிக்கவிட்டார்கள். மறுநாள் பழைய தரையை முதலில் நனைத்தார்கள். காய்ந்த மண்மேல் ஈரமண் ஒட்டாது, உரிந்து வரும் என்றார் ஆயா. பாத்திரம் உட்காரும் மூன்று குமிழ்களைத் தன் விரல் கணக்கில் அளந்தார். குமிழ் உயர்ந்தால் தீ வெளியே ஓடிவிடும், தாழ்ந்தால் மூச்சு முட்டிப் புகையும். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு, பெரிய அடுப்பில் மிஞ்சும் சூட்டில் வெந்நீர் காய. நிழலில் ஆறவிட்டு, முதல் நாள் சுள்ளி மட்டும் போட்டு இளஞ்சூடு காட்டினார்கள். எடுத்ததுமே பெரிய நெருப்புப் போட்டால் வெடித்துவிடும்.

சாய்ப்பின் மேல்பக்கம் தகரத்தை உயர்த்திப் புகை போக வழி விட்டார்கள். வீட்டுக்குள் ஜன்னல் சாக்கை எடுத்து, மேலே ஒரு சாண் எப்போதும் திறந்திருக்கும்படி செய்தார்கள். என் பங்குக்கு நான், குழந்தையைத் துணியில்லாமல் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து மேலே போர்த்தும் கங்காரு முறையைக் காட்டிக் கொடுத்தேன். பச்சைக் குழந்தைக்கு அதைவிட நல்ல ஹீட்டர் இல்லை. மாமியாருக்கும் ஒருமுறை வைத்துக் காட்டினேன். பேத்தி நெஞ்சில் தூங்கியதும் அவர் முகம் தெளிந்தது.

அடுப்பு எந்த இடத்தில், கட்டில் எந்தப் பக்கம் என்று ஆயா அந்தப் பெண்ணிடம்தான் கேட்டார். "நீதானே படுக்கப் போறவ, நீ சொல்லு" என்றார். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்து ஓர் இடத்தைக் காட்டினாள். அந்த வீடு கட்டியபோது அவளிடம் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். சுவரில் மேலே இரண்டு துவாரம், கூரையில் ஒரு புகைபோக்கி. பெரிய செலவு இல்லை.

இப்போது பிரசவமான வீட்டுக்குப் போனால் நான் முதலில் அறையைச் சுற்றிப் பார்க்கிறேன். எங்கே படுக்கிறீர்கள், ராத்திரி ஜன்னல் திறந்திருக்குமா, தணல் எங்கே வைக்கிறீர்கள், காலையில் யாருக்காவது தலை வலிக்கிறதா என்று நான்கு கேள்விகள். என் நோட்டில் அதற்கு நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். போன மார்கழியில் வேறோர் ஊரில் ஒருத்தி, "காலையில தலை பாரமா இருக்குதுக்கா" என்றாள். வீட்டில் இருந்த யாரோ, "அவ எப்பவுமே அப்படித்தான்" என்று ஆரம்பித்தார்கள்.

"அவங்களே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.